பறையறையாத குற்றம்

பொதுச்சாலையில் கட்டுமீறித் திரியும் விலங்கு ஒன்றைக் காவல்துறையோ வனத்துறையோ சுட்டுக் கொல்லும் ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டில் எழும் விவாதம் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. மனித உயிர் போன பிறகும் என்ன தயக்கம் என்று ஒரு தரப்பு கேட்க, மயக்க ஊசி போட்டுப் பிடித்திருக்கலாமே என்று மறுதரப்பு கேட்க, இரு தரப்பும் துப்பாக்கியின் விசை அழுத்தப்பட்ட அந்த ஒரு நிமிடத்தையே உற்றுப் பார்க்கின்றன. அதற்கு முந்தைய நாள்களில் எந்த அதிகாரி எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டார், விலங்கின் உரிமையாளர் என்ன செய்தார், அந்தச் சாலையில் நடந்துபோகவிருந்தவர்களுக்கு யார் எச்சரிக்கை சொன்னார் என்ற கேள்விகள் விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. சுட்டது சரியா தவறா என்பதைவிட இந்த ஓரத்துக் கேள்விகளே முதன்மையானவை என்பதும், சுடும் நிமிடத்தில் சரியாகத் தோன்றும் பல கொலைகள் அதற்கு முந்தைய வாரத்தின் தவறுகளால் நேர்ந்தவை என்பதும் இப்பதிவின் துணிபு.

ஏர்வாடியிலிருந்து இதைப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கடலோரத்தில், கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட இவ்வூரின் அருகே புலி நடமாடும் காடு இல்லை. யானை வழித்தடமும் இல்லை. இங்கு அச்சம் தருபவை தெருநாய்க் கூட்டமும், இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார்ச் சூட்டுக்காக நடுச்சாலையில் படுத்துக்கிடக்கும் மாடுகளும், எருதுகட்டிலோ மஞ்சுவிரட்டிலோ அவிழ்த்துவிடப்பட்டு எல்லை கடந்து ஓடிவிடும் காளைகளும்தாம். ஆனால் இங்குள்ள தர்காவுக்கு நடந்துவரும் யாத்திரிகர் கூட்டமும், அதன் சந்தனக்கூடு விழா நாள்களில் யானை, குதிரை, வாணவேடிக்கை, மேளம் ஆகியவை ஒரே தெருவில் நெருக்கியடித்துச் செல்லும் ஊர்வலமும் இவ்வூருக்கு உரியவை என்பதால், கட்டறுத்த விலங்கை என்ன செய்வது என்ற கேள்வி நீலகிரிக்கு மட்டும் சொந்தமானதன்று. சொல்லப்போனால், காட்டுவிலங்கு இல்லாத ஊரில்தான் இக்கேள்விக்கான விடை இன்னும் குழப்பமாக இருக்கிறது.

முதலில் சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 11ஆம் பிரிவு இவ்விவாதத்தின் அச்சாணி. அட்டவணை 1இல் இடம்பெற்ற விலங்கு, அதாவது புலி, யானை, சிறுத்தை போன்று உச்சப் பாதுகாப்பு பெற்ற விலங்கு, மனித உயிருக்கு ஆபத்தானதாகிவிட்டது என்றோ மீள முடியாத அளவு நோயுற்றது என்றோ மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதி கொண்டால், காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்துமூலமாக அதை ‘வேட்டையாட’ ஆணையிடலாம். எனினும் அதைப் பிடிக்கவோ மயக்கவோ வேறிடத்துக்கு மாற்றவோ முடியாது என்று உறுதியானால் அல்லாமல் கொல்ல ஆணையிடக் கூடாது. இங்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ ஆட்சியருக்கோ அதிகாரம் தரப்படவில்லை என்பதும், ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு இச்சட்டம் தரும் வரையறையில் உயிருடன் பிடிப்பதும் கண்ணி வைப்பதும் அடங்கும் என்பதும் கவனிக்கத்தக்கவை. இரண்டாவது செய்தியை அறியாததால் செய்தித்தாள்களில் ‘வேட்டை ஆணை’ என்ற தலைப்பு வந்தவுடன் மரண தண்டனை விதிக்கப்பட்டதாகவே வாசகர் புரிந்துகொள்கின்றனர். ஆணையை எழுதும் அலுவலர்களும் இக்குழப்பத்தைத் தீர்க்கப் பெரிதாக முயல்வதில்லை.

அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தற்காப்பைப் பற்றியது. தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் ஒரு காட்டுவிலங்கைக் கொன்றவர் குற்றவாளி ஆகமாட்டார். ஆயினும் அவ்வேளையில் அவர் இச்சட்டத்தை மீறும் வேறு செயலில் ஈடுபட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. எழுத்தாணை கையில் இல்லாமல் சாலையில் நிற்கும் காவலருக்குச் சட்டம் தரும் இடம் இவ்வளவுதான்: பாய்ந்து வரும் விலங்குக்கும் எதிரே நிற்கும் மனிதருக்கும் இடைப்பட்ட சில விநாடிகள். திரும்பி ஓடும் விலங்கைத் துரத்திச் சுடுவதற்கு அதில் இடமில்லை.

வீட்டு விலங்கின் நிலை வேறு. உரிமையாளர் உள்ள மாட்டையோ குதிரையையோ கொல்வது அவருடைய சொத்தை அழிப்பதாகும் என்பதால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 13ஆம் பிரிவு காவல் அலுவலருக்குத் தரும் அதிகாரம் படுகாயமடைந்து துடிக்கும் விலங்கின் வேதனையை முடித்துவைப்பதற்கானது. மிரண்டு ஓடும் விலங்கைச் சுடுவதற்கானதன்று. ஆபத்தான விலங்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் சட்டவிதி, யாரும் தேடாத ஓரிடத்தில், பொதுத் தொல்லைகளை அகற்றும் அதிகாரத்துக்குள் ஒளிந்துகிடக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவும், இப்போது அதன் இடத்தில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவும், ஆபத்தான விலங்கை அழிக்கவோ அடைக்கவோ வேறுவகையில் அகற்றவோ வேண்டுமென்று அதன் உரிமையாளருக்கோ அதை வைத்திருப்பவருக்கோ உத்தரவிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்கு, அதாவது வருவாய்த்துறையில் நடுவர் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு, வழங்குகின்றன. இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடம், மூடாத கிணறு ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் விலங்கும் வைக்கப்பட்டிருப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், அதிலுள்ள தர்க்கம் தெளிவானது: சுவர் விழுமுன் உத்தரவு வரவேண்டும், காளை குத்துமுன் உத்தரவு வரவேண்டும்.

எழுத்தாணை என்பது எவ்வளவு வேறுபட்ட முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு நீலகிரியின் அண்மைக்கால வரலாறே போதும். 2014 ஜனவரியில் உதகமண்டலத்தை அடுத்த தொட்டபெட்டாப் பகுதியில் ஒரு புலி மூவரைக் கொன்றது, பள்ளிகள் மூடப்பட்டன, தேயிலைத் தோட்டங்களில் வேலை நின்றது, ஜனவரி 22ஆம் நாள் குந்தசப்பை ஊரருகே அப்புலி சுட்டுக் கொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பந்தலூர் வட்டத்துப் பிதர்காட்டில், தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் பலியானதும் மக்களின் கோபம் வனத்துறை அலுவலகத்தின் மீதே திரும்பியது. சில நாள்களில் தமிழகச் சிறப்பு அதிரடிப்படையும் கேரளத்தினரும் இணைந்த தேடுதலில் அப்புலியும் சுடப்பட்டது. சந்தனக் கடத்தலையும் ஆயுதக் குழுக்களையும் எதிர்கொள்ள உருவாக்கப்பட்ட படையினரே புலி தேடும் பணிக்கும் அனுப்பப்பட்டனர் என்பது, இத்தகைய நேரங்களில் அரசு எதைத் தன் கையில் உள்ள கருவியாகக் கருதுகிறது என்பதைக் காட்டுகிறது.

2021இல் கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் டி23 என்று எண்ணிடப்பட்ட புலியின் கதை வேறுவிதமாக முடிந்தது. நான்கு மனித உயிர்களையும் பல கால்நடைகளையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட அப்புலியை வேட்டையாட அன்றைய தலைமை வன உயிரினக் காப்பாளர் சேகர் குமார் நீரஜ் அக்டோபர் தொடக்கத்தில் ஆணையிட்டார். ஆணையை எதிர்த்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி ஆதிகேசவலு ஆகியோர் அமர்வு புலியை உடனடியாகக் கொன்றுவிட வேண்டாம் என்று அறிவுறுத்தியது; தேடப்படும் புலிக்குப் பதிலாக வேறொரு புலி பலியாகக்கூடும் என்ற ஐயம் அதில் முக்கியமானது. புலியின் உடல்வரிகள் மனிதரின் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடுபவை என்பதால், தானியங்கிக் கேமராக்களில் பதிவான வரிகளை ஒப்பிட்டே இன்ன புலி என்று உறுதிசெய்ய வேண்டும். தேசியப் புலிகள் காப்பக ஆணையத்தின் நெறிமுறையும் இதையே சொல்கிறது. கும்கி யானைகள் (காட்டுவிலங்குகளைப் பிடிக்கப் பழக்கப்பட்ட முகாம் யானைகள்), மோப்ப நாய், டிரோன் என்று மூன்று வாரம் நடந்த தேடுதலின் முடிவில், அக்டோபர் 14 இரவு மயக்க ஊசி செலுத்தியும் கைநழுவிப்போன புலி மறுநாள் பிடிபட்டு மைசூரில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டது.

டி23 உயிருடன் பிடிபட்டதைக் கருணையின் வெற்றி என்று கொண்டாடியவர்கள், அந்த மூன்று வாரமும் மசினகுடி மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். புலியைக் கொல்லாமல் விடுவதன் விலையைக் கொடுப்பவர் நகரத்தில் இருந்து குரல் கொடுப்பவர் அல்லர். மாடு மேய்க்கப் போகவேண்டியவரும் தேயிலை பறிக்கப் போகவேண்டியவருமே அதைக் கொடுக்கின்றனர். மறுபுறம், சுடச்சொன்னவர்களும் ஒன்றை எண்ணிப்பார்க்கவில்லை: பதற்றத்தில் தவறான புலி சுடப்பட்டிருந்தால் ஊருக்குப் பொய்யான நிம்மதியும், உண்மையான புலிக்கு இன்னும் சில வாரமும் கிடைத்திருக்கும். ஆகவே இவ்வழக்கில் நீதிமன்றம் கேட்ட கேள்வி இரக்கத்தைப் பற்றியதன்று, அடையாளத்தைப் பற்றியது என்று கொள்வதே பொருந்தும்.

மயக்க ஊசியைப் பற்றி நிலவும் நம்பிக்கையும் துப்பாக்கியைப் பற்றி நிலவும் நம்பிக்கையும் சம அளவில் தவறானவை. திரைப்படங்களில் ஊசி பட்ட மறுநொடியே விலங்கு சரிகிறது. நடைமுறையில் சைலசின், கெட்டமின் போன்ற மருந்துகளின் கலவை வேலைசெய்யச் சில நிமிடங்கள் முதல் கால் மணி நேரம் வரை ஆகும், அதற்குள் மிரண்ட விலங்கு ஓடும், சிலவேளை எதிர்ப்பட்டவரைத் தாக்கும். மருந்தின் அளவை உடல் எடையைக் கண்மதிப்பாகக் கணித்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. குறைந்தால் மயங்காது, கூடினால் மூச்சு நின்றுவிடும். இருளில் இதைச் செய்வது எல்லாருக்கும் ஆபத்து. இத்தனைக்கும் மேலாக, இதற்குப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் அவர் இருப்பதில்லை.

துப்பாக்கியின் கதைக்கு 1994 ஆகஸ்ட் 20ஆம் நாள் ஹவாயின் ஹோனலூலு நகரில் நிகழ்ந்ததைவிடக் கொடிய சான்று இல்லை. சர்க்கஸ் அரங்கில் பயிற்சியாளரைக் கொன்றுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்த டைக் என்னும் பெண் யானையைக் காவலர்கள் 86 குண்டுகள் சுட்டு வீழ்த்தினர். மனித உடலை நிறுத்தவென வடிவமைக்கப்பட்ட தோட்டா யானையின் மண்டையோட்டின் முன் எவ்வளவு சிறியது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது. தமிழகக் காவலர் தோளில் தொங்கும் இன்சாஸ் துப்பாக்கியும் அதே வகைத் தோட்டாவையே உமிழ்கிறது. இலக்கில் படாத குண்டு நெருக்கமான தெருவில் எங்கே போய்ச் சேரும் என்பது தனிக் கேள்வி. 2011 அக்டோபர் 18ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஜேன்ஸ்வில் ஊரில் நடந்தது இதன் மறுபக்கம். தனியார் ஒருவர் தம் பண்ணையில் வளர்த்த 56 விலங்குகளின் கூண்டுகளைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்ள, இருட்டிக்கொண்டு வந்த வேளையில் ஷெரிஃப் மேட் லட்ஸின் ஆள்கள் பதினெட்டு வங்கப் புலிகள் உட்பட ஏறத்தாழ ஐம்பது விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். உலகமே கொதித்தது, எனினும், விலங்குக் காட்சியக வல்லுநர் ஜேக் ஹானாவே வேறு வழியில்லை என்றார். மறுநாள் பகலில் ஒரு புலிக்கு மயக்க ஊசி செலுத்தியபோது அது மருத்துவரை நோக்கிப் பாய்ந்தது, அதையும் சுடவேண்டியதாயிற்று. கொடிய விலங்குகளை வீட்டில் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஒஹையோ 2012இல்தான் இயற்றியது. அந்த இரவின் குற்றத்தைக் காவலர்களின் கணக்கில் எழுதுவதா, பல ஆண்டுகள் சட்டமே இல்லாமல் விட்ட மாநிலத்தின் கணக்கில் எழுதுவதா?

தமிழ் இலக்கியத்தில் இதே கேள்வி எதிர்பாராத ஓரிடத்தில் எழுகிறது. கலித்தொகையின் 56ஆம் பாடல் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி; அதில் வழியில் கண்ட பெண்ணின் அழகால் நிலைகுலைந்த இளைஞன் அவளிடம் குற்றத்தைப் பங்கிட்டுப் பேசுகிறான். அவள் மீதும் தவறில்லையாம், அவளை வெளியே விட்ட வீட்டார் மீதும் தவறில்லையாம். கொல்லும் யானையை நீர்த்துறைக்கு விடும்போது பறையறைந்து எச்சரிப்பது போல, இவள் வெளியே வரும்போதும் பறையறைய வேண்டும் என்று ஆணையிடாத அரசனே தவறுடையவனாம். அகப்பாடலின் குறும்புப் பேச்சு இது, அரசியல் நூல் அன்று. ஆனால் கேட்பவர் சிரிக்க வேண்டுமானால், யானை தெருவில் வருமுன் பறை ஒலிக்கும் என்பதும், ஒலிக்காவிட்டால் பழி அரசனைச் சேரும் என்பதும் எல்லாரும் அறிந்த வழக்கமாக இருந்திருக்க வேண்டும். யானையைப் பழிக்காமல், பாகனைப் பழிக்காமல், அறிவிப்புக் கொடுக்காத ஆட்சியைப் பழிக்கும் அந்த வரிசையில் இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் காணக் கிடைக்காத ஒரு தெளிவு இருக்கிறது. (கொங்குப் பகுதியின் புலிகுத்திக் கற்கள் வேறொரு காலத்துக்குரிய விடையைச் சொல்கின்றன: அங்கே புலியை எதிர்கொண்டவன் ஊரான், கல் நடப்பட்டது அவனுக்கு, ஆணையிட்ட அதிகாரிக்குக் கல் இல்லை.)

இக்காலத்தின் பறை எவ்வளவு பலவீனமானது என்பதை 2023 மே 27ஆம் நாள் தேனி மாவட்டம் கம்பம் நகரம் கண்டது. கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டிருந்த அரிக்கொம்பன் என்னும் ஆண் யானை காலையில் நகரத் தெருக்களுக்குள் வந்தது. 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று ஒலிபெருக்கி கூவியது. அதைக் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் கைபேசியோடு மாடிகளிலும் சாலைகளிலும் திரண்டனர். டிரோன் பறக்கவிட்ட ஒருவரால் யானை மேலும் மிரண்டது. இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் யானையின் வழியில் சிக்கிக் காயமடைந்து பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5ஆம் நாள் சின்னமனூர் அருகே மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட யானை மேல் கோதையாறு காட்டில் விடப்பட்டது. அந்த நாள்களில் கம்பத்தில் காவலர்களின் பெரும்பணி யானையைத் தடுப்பதாக இருக்கவில்லை, மனிதரைத் தடுப்பதாகவே இருந்தது. யானை சுடப்படாமல் தப்பியதற்குக் காரணம் தேடுவோர், கூட்டத்தை ஒதுக்கிய அந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான் அதைத் தேட வேண்டும்.

ஏர்வாடிக்குத் திரும்பினால், இங்கே சாலையில் திரியும் மாட்டைக் கையாள நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. கால்நடை அத்துமீறல் சட்டம், 1871 பொதுச்சாலையில் திரியும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள கொண்டித் தொழுவத்தில் சேர்க்கும் அதிகாரத்தைக் காவலருக்கே தருகிறது. பயிரை மேய்ந்த அல்லது வழி தவறிய மாட்டை அடைத்துவைத்து, தண்டம் கட்டிய பின் உரிமையாளரிடம் ஒப்படைக்கும் பட்டிதான் கொண்டித் தொழுவம்; பேச்சுவழக்கில் பவுண்டு. அதிகாரம் இருக்கிறது, தொழுவம் பல ஊர்களில் பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பிடித்த மாட்டைக் கட்டிவைக்க இடமில்லாத காவலர் அதைச் சாலையோரம் விரட்டிவிட்டுச் செல்கிறார். அது மறுநாள் இரவு அதே வளைவில் படுக்கிறது. 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து திரும்பிய சிறுமியை மாடு ஒன்று முட்டித் தூக்கிய காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி நாடெங்கும் பரவிய பிறகே மாநகராட்சி அபராதத்தை உயர்த்தியது. 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளை அகற்றி அடைப்பிடங்களில் சேர்க்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 1871இன் சட்டத்தைப் புதிய மொழியில் திருப்பிச் சொன்னது போலவே அது ஒலிக்கிறது.

மயக்க ஊசிக்கு வனத்துறையை அழைக்கலாமே என்பவர்கள் இம்மாவட்ட வனத்துறையின் இயல்பை அறியாதவர்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும், ஆவுளியாவும் (கடற்பசு), கடல் அட்டைக் கடத்தலும்தான் அவர்களுடைய அன்றாட உலகம். அவர்கள் படகில் ரோந்து போகிறவர்கள். மிரண்ட காளையோ திருவிழா யானையோ தெருவில் ஓடினால் முதல் தொலைபேசி அழைப்பு காவல் நிலையத்துக்கே போகும். அங்கே இருப்பது லத்தியும் துப்பாக்கியும் மட்டுமே. அதனால் விலங்கு ஊர்வலத்தில் நடக்கும் நாளன்று கால்நடை மருத்துவர் எங்கே நிற்பார், தெருவின் எந்த முனை திறந்திருக்கும், உத்தரவிடும் அதிகாரம் பெற்ற வருவாய் அலுவலர் யார், வெடி எந்த இடத்துக்கு அப்பால் வெடிக்கப்படும் என்பவை கொடியேற்றத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்திலேயே எழுதப்பட வேண்டியவை. உரிமையாளரின் பொறுப்பும் அங்கேயே பேசப்பட வேண்டும். விலங்கைக் கவனக்குறைவாக விட்டு மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது.

முன்னெச்சரிக்கை என்பது இக்கடற்கரைக்குப் புதிய பழக்கமன்று. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதுமே பாம்பன் துறைமுகத்தில் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. மீன்வளத்துறை அனுமதிச் சீட்டை நிறுத்துகிறது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று தெரியுமுன்பே விசைப்படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன. புயல் வராமல் திசைமாறிப் போன ஆண்டுகளிலும், வீணாகக் கூண்டேற்றினார்கள் என்று துறைமுக அலுவலர் மீது யாரும் வழக்குத் தொடுத்ததில்லை.